பை வைக்காமலும் ஒரு வழி இருக்கு

மலத்தில் ரத்தம் போனால் நம்ம திருநெல்வேலிப் பக்கம் எல்லோரும் மூலம் என்றுதான் முடிவு கட்டுவார்கள். கல்லிடைக்குறிச்சியில் இருக்கும் எங்க பெரியப்பாவும் துத்தி இலையை வதக்கித் தின்றே மாதக்கணக்கில் ஓட்டிவிட்டார். பாளையங்கோட்டையில் ஒரு டாக்டர் விரல் விட்டுப் பார்த்து, பிறகு ஸ்கோப், பயாப்சி, எம்.ஆர்.ஐ. எல்லாம் முடிந்தபோதுதான் மலக்குடல் புற்றுநோய் என்று தெரிந்தது. நல்லவேளை, ஆரம்ப நிலை.

ஆனால் கட்டி ஆசனவாயை ஒட்டி இருந்தது. ஆபரேஷன் என்றால் ஆசனவாயையும் சேர்த்து எடுத்துவிட்டு, வயிற்றில் ஆயுசுக்கும் மலம் போக ஒரு பை. "அதுக்கு நான் போயே சேந்துருதேன்" என்றார் பெரியப்பா.

இன்னொரு டாக்டர்தான் வேறு வழி சொன்னார். அஞ்சாறு வாரம் கரண்டு, அதாவது கதிர்வீச்சு, கூடவே கீமோ மாத்திரை, அப்புறம் சில வாரம் பொறுத்துப் பார்ப்பது. கட்டி முழுசாகக் கரைந்துவிட்டால் கத்தியே வேண்டாம், கண்காணிப்பு மட்டும். பிரேசிலைச் சேர்ந்த ஆஞ்செலிட்டா ஹபர்-காமா என்ற பெண் சர்ஜன் இப்படி விட்டுவைத்த நோயாளிகளின் நிலவரத்தை 2004-ல் வெளியிட்டபோது பல சர்ஜன்கள் நம்பவே இல்லை. 2022-ல் வந்த அமெரிக்க ஆய்வில், இரண்டாம் மூன்றாம் நிலைக்காரர்களிலேயே ஏறக்குறைய பாதிப் பேருக்கு மலக்குடல் தப்பியிருக்கிறது. மூணு சென்டிமீட்டருக்குள் இருக்கும் கட்டிக்கு, ஆசனவாய் வழியாகக் குழாய் விட்டு நேராகக் கட்டிமேலேயே எக்ஸ்-ரே பாய்ச்சும் முறையும் உண்டு. ஐரோப்பிய ஆய்வு ஒன்றில் அதையும் சேர்த்துக் கொடுத்தபோது, அந்த அளவு கட்டிக்காரர்களில் மூன்று வருஷம் கழித்தும் 97 சதவீதம் பேருக்கு மலக்குடல் பிழைத்திருந்தது.

பெரியப்பாவுக்கும் கரைந்துவிட்டது. ஸ்கோப்பில் கட்டி இருந்த இடத்தில் வெளுத்த தழும்பு மட்டும். அவசரமாக வெளிக்குப் போகவேண்டிய தொந்தரவு இன்னும் இருக்கிறது, பஸ் ஏறவே யோசிக்கிறார்.

சண்டை அதற்குப் பிறகுதான். "கட்டி போயிட்டுல்லா, பெறகு எதுக்குச் செக்கப்பு?" முழுசாகக் கரைந்தவர்களிலும் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு அதே இடத்தில் திரும்ப முளைக்கிறது, பெரும்பாலும் முதல் இரண்டு வருஷத்துக்குள். சீக்கிரம் கண்டுபிடித்தால் அப்போதும் ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம். அதனால் மூணு நாலு மாசத்துக்கு ஒருமுறை விரல் பரிசோதனை, ஸ்கோப், எம்.ஆர்.ஐ. என்று போயே ஆகணும். போகமாட்டேன் என்கிறவருக்கு ஆபரேஷனே மேல் என்பேன்.

இன்னொன்று. பயாப்சி எடுத்த சதையிலேயே எம்.எம்.ஆர். டெஸ்ட் (செல்லில் டி.என்.ஏ. பிழையைத் திருத்தும் புரதங்கள் சரியா இருக்கா என்று பார்ப்பது) பண்ணச் சொல்லிக் கேளுங்கள், மறுபடி குத்த வேண்டியதில்லை. அதில் குறைபாடு இருப்பவர்கள் ரொம்பக் கொஞ்சம்தான், ஆனால் அவர்களில், உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் டோஸ்டார்லிமாப் என்ற ஊசியை முழுசாகப் போட்டுமுடித்த 49 மலக்குடல் நோயாளிகளுக்கும் கட்டி மறைந்ததாக 2025-ல் செய்தி வந்தது, கரண்டுகூட இல்லாமல். விலை கேட்டால் தலை சுற்றும், அது வேறு விஷயம்.