மேம்பாலத்தில் நிற்கும் கார்: மனந்திரும்புதல் பற்றி ஒரு மாதக் குறிப்புகள்

2024 நவம்பர் 29, வெள்ளி

ஃபெஞ்சல் புயல் உருவாகிவிட்டது. அக்டோபர் மழை அறிவிப்பு வந்தபோது வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசைகட்டி நிறுத்தியது இந்தச் சென்னை. 2015 வெள்ளத்தையும் 2023-ன் மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்கள் எச்சரிக்கையை நம்பாமல் என்ன செய்வார்கள்? அதனால்தான் "ஜனங்களுக்கு நம்பிக்கை இல்லை, பயம் இல்லை, அதனால் மனந்திரும்புவதில்லை" என்ற வழக்கமான பிரசங்கம் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. பயம் இருக்கிறது. ஆனால் மேம்பாலத்தில் ஏற்றிய காரை மழை விட்டதும் இறக்கிவிடலாம்.

டிசம்பர் 1, ஞாயிறு. கிறிஸ்துமஸுக்கு முந்தின ஆகமன காலத்தின் முதல் ஞாயிறு

நேற்றிரவு புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறியது.

யாத்திராகமம் 8. அடுப்பில், படுக்கையில், மா பிசைகிற தொட்டியில் எல்லாம் தவளை. எப்போது ஜெபிக்கட்டும் என்று மோசே கேட்கிறார். எகிப்து ராஜா பார்வோனின் பதில்: "நாளைக்கு." இப்போதே போகட்டும் என்று சொல்ல வாய் வரவில்லை, இன்னும் ஒரு ராத்திரி தவளைகளோடு படுக்கச் சம்மதம். மறுநாள் அவை செத்துக் குவிந்து நாறுகின்றன. 15-ஆம் வசனத்தில் ஒரு சொல் வருகிறது: "இலகு". இலகுவுண்டானதைக் கண்டபோதுதான் அவன் இருதயத்தைக் கடினப்படுத்தினான். வாதை நடக்கும்போது இறங்கி வருகிறான், விட்டதும் ஏறிக்கொள்கிறான். கல்மழையில் "நான் இந்தமுறை பாவம் செய்தேன்" என்று சொன்னதும் (9:27) இதே மனுஷன்தான். அந்த "இந்தமுறை"யைக் கவனிக்க வேண்டும்.

"தேவனே கடினப்படுத்தினார் என்றால் பார்வோன்மேல் என்ன தப்பு?" வேதபாட வகுப்பில் தவறாமல் வரும் கேள்வி. கர்த்தர் அப்படிச் செய்வார் என்ற முன்னறிவிப்பு 4:21-லேயே இருக்கிறது, மறுக்க முடியாது. ஆனால் நடந்த வரிசை வேறு. தவளை, வண்டு என்று அவனே தன்னைக் கடினப்படுத்துகிறான் (8:15, 8:32). "கர்த்தர் கடினப்படுத்தினார்" என்று நடந்த செய்தியாக வருவது 9:12-ல்தான், ஆறாவது வாதையான கொப்புளத்துக்குப் பிறகு. தமிழில் எல்லாம் ஒரே "கடினம்". எபிரெயத்தில் 8:15-க்குக் கனமாக்குதல் என்ற சொல், 9:12-க்கு உறுதியாக்குதல் என்ற சொல். அவன் ஏற்கெனவே பிடித்துவைத்ததை இறுக்கினார் என்று படிக்கலாம்.

துறைமுகத்தில் 11-ஆம் எண் புயல் கூண்டு என்றால் மிகப் பெரிய புயல் என்று பலர் நினைக்கிறார்கள். மிகப் பெரிய அபாயத்துக்கு 10 போதும். 11 என்பது வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துபோன நிலை. இஸ்ரவேலின் ராஜா சவுல் கடைசியில் வந்து நிற்பது அங்கேதான்: சொப்பனம் இல்லை, ஆசாரியர் வழியாகத் தேவனிடம் விடை கேட்கும் ஊரீம் இல்லை, தீர்க்கதரிசியும் இல்லை (1 சாமுவேல் 28:6).

டிசம்பர் 7, சனி

ரோமத் தேசாதிபதி பேலிக்ஸ். கைதியாக நின்ற பவுல் நீதியையும் இச்சையடக்கத்தையும் இனிவரும் நியாயத்தீர்ப்பையும் பற்றிப் பேசியபோது அந்த தேசாதிபதி பயமடைந்தான் என்றே இருக்கிறது (அப்போஸ்தலர் 24:25). பிறகு, சமயமானபோது கூப்பிடுகிறேன் என்று அனுப்பிவிடுகிறான். கூப்பிடவும் செய்தான், அடிக்கடி. பணம் கிடைக்குமா என்று பார்க்க! இரண்டு வருஷம். பயந்ததையே மனந்திரும்பியதாக எண்ணிக்கொள்பவர்களுக்கு இவன் நல்ல பாடம்.

டிசம்பர் 15, ஞாயிறு

இன்று கத்தோலிக்கத் திருப்பலி வாசகம் லூக்கா 3:10-18. "அப்படியானால் நாங்கள் என்ன செய்யவேண்டும்?" என்று மூன்று கூட்டம் கேட்கிறது. யோவான் ஸ்நானகன் யாரையும் அழச் சொல்லவில்லை. இரண்டு அங்கி இருந்தால் ஒன்றைக் கொடு. வரி வசூலிக்கும் ஆயக்காரனே, விதித்ததற்கு மேல் வாங்காதே. போர்ச்சேவகனே, சம்பளம் போதும் என்றிரு. ஒவ்வொருவனுக்கும் அவனவன் தொழிலிலேயே கை வைக்கிறார். எதிர்ப்பு பிறப்பதும் அங்கேதான்.

சென்னைக் கணக்கில் போட்டுப் பார்க்கலாம். வாடகைக்காரர் வீட்டைக் காலி செய்கிறார். அடிக்காத பெயிண்டுக்கு அட்வான்ஸிலிருந்து 20,000 ரூபாய் பிடித்துக்கொள்கிறார் வீட்டுக்காரர். லேவியராகமம் 6:5-ன்படி முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்ட வேண்டும்: 20,000 + 4,000 = 24,000. கொடுக்க வேண்டிய நாள், குற்றநிவாரணபலியைச் செலுத்தும் அதே நாள். மனந்திரும்பிய ஆயக்காரன் சகேயு நாலத்தனையாகக் கொடுப்பதாகச் சொன்னதை இங்கே போட்டால் 80,000. ஆடு திருடியவனுக்கான தண்டனையை (யாத்திராகமம் 22:1) அவனாகவே தன்மேல் எடுத்துக்கொள்கிறான்.

இது எங்கே கெடுகிறது? முதலில், பணம் தவறான இடத்துக்குப் போகிறது. அந்த 24,000-ஐ ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் உண்டு. எண்ணாகமம் 5:8 தெளிவு: பாதிக்கப்பட்டவனும் இல்லை, வாங்கிக்கொள்ள உறவினனும் இல்லை என்றால் மட்டுமே அது ஆசாரியனிடம் போகும். வாடகைக்காரர் பெரம்பூருக்கோ தாம்பரத்துக்கோ குடிபோயிருப்பார். போன் நம்பர் கைபேசியிலேயே இருக்கும். அடுத்தது, "ஏதாவது தப்பா நடந்திருந்தா மன்னிச்சிடுங்க சார்" என்ற வாக்கியம். அதில் தப்பு எது என்பதே இல்லை. லேவியராகமம் 5:5 செய்த பாவத்தையே அறிக்கையிடச் சொல்கிறது: பெயிண்ட் அடிக்கவில்லை, பணத்தைப் பிடித்துக்கொண்டேன். மூன்றாவது, "ஆனா". சவுல் "பாவஞ்செய்தேன்" என்கிறான், கூடவே ஜனங்களுக்குப் பயந்துதான் என்கிறான், பிறகு மூப்பருக்கு முன்பாக என்னைக் கனம்பண்ணும் என்றும் கேட்கிறான் (1 சாமுவேல் 15:24, 30). பாவத்தைச் சுட்டிக்காட்டிய தீர்க்கதரிசி நாத்தானுக்கு முன்னால் தாவீது ராஜாவுக்கு ஒரே வாக்கியம் போதுமாயிருந்தது: கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்தேன்.

டிசம்பர் 18, புதன்

ஞாயிற்றுக்கிழமைக் குறிப்புக்கு ஒரு தடை: இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ். பாவத்தைப் பெயர் சொல்லி அறிக்கையிட்டான், முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொடுத்தான். மத்தேயு 27:3-ல் "மனஸ்தாபப்பட்டு" என்று இருக்கிறது; கிரேக்கத்திலும் அங்கே மனந்திரும்புதலுக்கான மெட்டநோயா என்ற சொல் வரவில்லை, செய்ததற்கு வருந்துவதைக் குறிக்கும் வேறொரு சொல். (இன்று மனஸ்தாபம் என்றால் சம்பந்தி வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லை என்று அர்த்தம்.) பணத்தோடு அவன் போனது ஆசாரியரிடம். "எங்களுக்கென்ன" என்று கதவைச் சாத்தினார்கள். மறுதலித்த பேதுருவும் மனங்கசந்து அழுதவர்தான், ஆனால் கரையில் இயேசு நிற்கிறார் என்று கேட்டதும் கடலில் குதித்து அவரிடமே போனார். கணக்கைத் தீர்ப்பது வேண்டும். யாரிடம் திரும்புகிறோம் என்பதும் வேண்டும்.

டிசம்பர் 26, வியாழன்

சுனாமிக்கு இருபது வருஷம். 2004-ல் இந்தத் தேதி ஞாயிற்றுக்கிழமை.

இது யாருடைய பாவத்துக்கு வந்தது என்று கணக்குப் போடும் பேச்சு ஒவ்வொரு பேரழிவுக்குப் பிறகும் கிளம்புகிறது. சீலோவாமின் கோபுரம் விழுந்து செத்த 18 பேரைப் பற்றி இயேசு: "அப்படியல்லவென்று உங்களுக்குச் சொல்லுகிறேன், நீங்கள் மனந்திரும்பாமற்போனால் எல்லாரும் அப்படியே கெட்டுப்போவீர்கள்." பட்டினப்பாக்கத்துக் குப்பத்தின் பாவத்தை எண்ணுகிறவருக்கு அண்ணா நகரில் தன் பாவத்தை எண்ண நேரம் இருக்காது. எச்சரிக்கையை அடுத்த தெருவுக்குத் தள்ளிவிடுவது மிகப் பக்தியான மறுப்பு.

டிசம்பர் 31, செவ்வாய்

இன்றிரவு விழித்திருப்பு ஆராதனை, அது முடிந்ததும் புது வருஷத்துக்கென்று ஆளுக்கொரு வேதவசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை. சமாதானத்துக்கான நினைவுகள் என்று சொல்லும் எரேமியா 29:11 பலருக்கு வரும். அதற்கு முந்தின வசனம், பாபிலோனில் எழுபது வருஷம் என்பது, எந்த அட்டையிலும் வராது. "ஆகிலும் நீங்கள் என்னிடத்தில் திரும்பாமற்போனீர்கள்" என்று ஆமோஸ் 4-ஆம் அதிகாரத்தில் ஐந்து தரம் இருக்கிறது. அதுவும் வராது. அச்சகத்தாரைக் குறை சொல்வதில் பயனில்லை. எடுத்த அட்டையில் கண்டனம் இருந்தால் இன்னொன்று எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்பவர்கள் நாம்தான்.

யூதாவின் யோயாக்கீம் ராஜாவுக்கு அட்டை கிடைக்கவில்லை, எரேமியாவின் எச்சரிக்கைகள் அடங்கிய முழுச் சுருளே வந்தது (எரேமியா 36). எபிரெயக் கணக்கில் ஒன்பதாம் மாதம், ஏறக்குறைய இதே பருவம்; குளிர்கால வீட்டில் கணப்பு எரிகிறது. யெகுதி மூன்று நாலு பத்தி வாசிக்க வாசிக்க, ராஜா சூரிக்கத்தியால் அறுத்து நெருப்பில் போடுகிறான். எல்நாத்தானும் தெலாயாவும் கெமரியாவும் வேண்டாம் என்று கெஞ்சியும் கேட்கவில்லை. பிறகு எரேமியா இன்னொரு சுருளை எடுத்துத் தன் எழுத்தர் பாருக்கிடம் கொடுத்தார். பழையதில் இருந்த எல்லாமும் திரும்ப எழுதப்பட்டது, அவற்றோடு வேறு அநேக வார்த்தைகளும்.