முதல் ஒப்பந்தத்துக்கு முன்னால் ஒரு பிறப்புச் சான்றிதழ்

எங்கள் கரையில் ஒரு பையனிடம் ‘எப்போது பந்து விளையாட ஆரம்பித்தாய்?’ என்று கேட்டால் முழிப்பான். குமரி மாவட்டத்தில் தூத்தூரிலிருந்து நீரோடி வரை ஓர் ஊர் முடிவதும் அடுத்தது தொடங்குவதும் தெரியாது. எல்லா ஊரிலும் ஒரு கோயில், ஒரு கிளப், சாயங்காலமானால் மணலில் கால்பந்து ஆடும் ஒரு கூட்டம். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். ஆனால் விளையாட்டைத் தொழிலாக்க நான் பட்ட பாட்டில் பாதிக்குக் காலோடு சம்பந்தமே இல்லை. ஊர்த் தம்பிகள் அடிக்கடி கேட்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

2019 மார்ச். எனக்குப் பதினான்கு வயது. சென்னையில் ஓர் அகாடமியில் ட்ரயல்ஸ் என்று கிளப் அண்ணன் ஒருவர் சொன்னார். குழித்துறையில் அனந்தபுரி எக்ஸ்பிரஸ் ஏறி, ஷூ பையைத் தலைக்கு வைத்துப் படுத்துப் போனோம். இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் அப்போது ஜாம்ஷெட்பூர் அணிக்கு ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) ஆடிக்கொண்டிருந்தார். ‘பக்கத்து ஊர்க்காரர் அங்கே இருக்கும்போது நமக்கு என்ன?’ என்ற தெனாவெட்டு ரயில் ஏறும்போது இருந்தது.

முதல் நாளே அது போய்விட்டது. மணலில் பந்து ஓடாது, நின்றுவிடும். அதைத் தூக்கி, தள்ளி, கூடவே இழுத்துக்கொண்டு போய்ப் பழகியவன் நான். அங்கே செயற்கைப் புல். தொட்டால் பந்து எனக்கு முன்னால் மூன்று கெஜம் ஓடியது. இரண்டாம் நாள் உதவிக் கோச் கூப்பிட்டு, “பந்து உன்கிட்ட வர்றதுக்கு முன்னாடி எத்தனை தடவை பின்னாடி பார்த்த?” என்றார். ஒரு தடவைகூட இல்லை. நாங்கள் ஊரில் ஆடும் செவன்ஸில், அதாவது அணிக்கு ஏழு பேர் ஆட்டத்தில், அதற்குத் தேவை வந்ததில்லை. சின்ன மைதானம், எல்லாரும் கண்ணெதிரே இருப்பார்கள். பதினொரு பேர் ஆட்டத்தில் நடுவில் நிற்பவனுக்கு நாலு பக்கமும் ஆள். பந்து வந்த பிறகு தலையைத் திருப்பினால் அது ஏற்கெனவே அடுத்தவன் காலில் இருக்கும்.

“காலு நல்லாருக்கு, கழுத்துதான் வேலை செய்யலை. ரெண்டு மாசம் கழிச்சு வா. வரும்போது பிறப்புச் சான்றிதழ் ஒரிஜினல் கொண்டு வா” என்று அனுப்பிவிட்டார்.

கழுத்துக்கு வழி வீட்டிலேயே கிடைத்தது. ஊர்க் குருசடிக்கு (சிலுவை வைத்த சின்னக் கோயில்) முன்னால் சித்தப்பா மகன் பந்தை உதைப்பான். என் முதுகுக்குப் பின்னால் தங்கை விரல்களைக் காட்டிக்கொண்டு நிற்பாள். பந்து காலைத் தொடுவதற்குள் எத்தனை விரல் என்று சொல்லியாக வேண்டும். தப்பாகச் சொன்னால் அவளுக்கு ஒரு மிட்டாய். முதல் வாரம் மிட்டாய்க்கே என் கைக்காசு தீர்ந்தது. கடைசியில் மூன்று விரலைக் காட்டிவிட்டு ‘நாலு’ என்று ஏமாற்றப் பார்ப்பாள். அந்த அளவுக்கு நான் தேறிவிட்டேன்.

சான்றிதழ்தான் படுத்தியது. பெட்டியைத் திறந்து பார்த்தால் அதில் என் பெயரே இல்லை. ‘ஆண் குழந்தை’, தேதி, அப்பா அம்மா பெயர், அவ்வளவுதான். பிறந்த உடனே பதிந்ததோடு சரி, பெயரைச் சேர்க்க யாரும் திரும்பிப் போகவில்லை. பிறப்பைப் பதிந்து பதினைந்து வருடத்துக்குள் பெயரைச் சேர்த்துவிட வேண்டும் என்பது விதி. நான் பிறந்தது 2004 ஆகஸ்ட் கடைசியில். கையில் ஐந்து மாதம்.

அதோடு, ஞானஸ்நானச் சீட்டில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர். அப்பா பெயர் ஆதாரில் ஒரு மாதிரி, ரேஷன் கார்டில் வேறு மாதிரி. அலுவலகத்தில் ஒருவர் ஞானஸ்நானச் சீட்டு போதும் என்றார். அடுத்த முறை அதே நாற்காலியில் இருந்த இன்னொருவர், பள்ளிச் சான்று இல்லாமல் முடியாது என்றார். அப்பா தங்கலுக்கு, அதாவது நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க, போயிருந்ததால் அம்மாதான் ஐந்து முறை பஸ் ஏறினாள். எந்தப் பெயர் வேண்டும் என்று ஒருவழியாகக் கேட்டபோது, ‘பள்ளிப் பெயரையே போடுங்க, எழுத்து மாறாம’ என்றாள். ஆதார், பாஸ்போர்ட், வங்கிக் கணக்கு எல்லாம் பின்னால் அந்த எழுத்தில்தான் போனது. அம்மா படித்தது எட்டாம் வகுப்பு.

அப்புறம் அகாடமியில், வயதைக் குறைத்துச் சொல்கிறோமா என்று பார்க்க எலும்பு வயது சோதனை. இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து, எலும்பு எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். டிடபிள்யூ3 என்று அதற்குப் பெயர். நான் தேறினேன். என்னோடு தங்கியிருந்த ஒருவன் தேறவில்லை. அவன் பொய் சொல்லியிருப்பான் என்று நான் இன்றுவரை நம்பவில்லை. எலும்பு எல்லாருக்கும் ஒரே கணக்கில் வளராது.

கொரோனா வந்ததும் மறுபடி ஊர், மறுபடி மணல். 2020 நவம்பரில் சூசைராஜ் சீசனின் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு வெளியே போனதை வீட்டில் எல்லாரும் சேர்ந்துதான் பார்த்தோம். அப்பா ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டார்.

2022 ஜூலையில் ஒரு கிளப் இரண்டு சீசனுக்குக் கூப்பிட்டது. எனக்குப் பதினெட்டு ஆக ஒரு மாதம் இருந்தது, அதனால் பெற்றோர் கையெழுத்தும் வேண்டும். மேற்குக் கரைக்குத் தடைக்காலம் ஜூன், ஜூலை என்பதால் அப்பா கரையில் இருந்தார். கூடவே வந்தார். மேலாளர் சம்பளம், தங்குமிடம், சாப்பாடு என்று விளக்கிக்கொண்டே போனார். அப்பா கடைசி வரை கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “அடிபட்டுக் கெடந்தா சம்பளம் உண்டா?”

படகில் பங்குதான், மீன் இல்லையென்றால் பங்கும் இல்லை. நாற்பது நாள் போய்விட்டு டீசல் கடனோடு திரும்பியவர்களும் ஊரில் உண்டு. மேலாளர் பக்கத்தைத் திருப்பி, ஆட்டத்தில் காயம்பட்டால் சிகிச்சைச் செலவு கிளப்புடையது, சம்பளம் நிற்காது என்ற வரியைக் காட்டினார். அப்பா என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, தூண்டில் நரம்பு அறுத்த விரல்களால் ஒவ்வொரு பக்கத்திலும் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். தொகையை எழுதினால் வீட்டில் திட்டுவார்கள், விட்டுவிடுகிறேன்.

கையெழுத்தானதும் ஆடிவிட முடியாது. வீரர்களின் இணையப் பதிவில் என் பெயர் பழைய அகாடமியிடம் இருந்தது. அவர்கள் விடுவித்தால்தான் புதிய கிளப்புக்கு வரும். வீரர் முதன்முறை தொழில்முறை ஒப்பந்தம் போடும்போது, பன்னிரண்டு வயதிலிருந்து பயிற்சி கொடுத்த கிளப்புகள் இழப்பீடு கேட்க விதியில் இடம் உண்டு. அந்தப் பேரம் இழுத்தது. பதிவுக் காலம் முடியப் போகிறதே என்று தினமும் காலையில் போனைப் பார்ப்பேன். ஆகஸ்டில் ஒருவழியாக மாறியது. எனக்கு உதைக்கக் கற்றுக்கொடுத்த ஊர் கிளப்புக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, பதிவேட்டில் அதன் பெயரே இல்லை.

முதல் ஆட்டத்தில் 78ஆம் நிமிடம் இறக்கினார்கள். முதல் பந்து வருமுன் இரண்டு தடவை பின்னால் பார்த்தேன், ஆள் ஒட்டியே நின்றான், பின்னால் தடுப்பாட்டத்தில் நின்ற ஸ்டாப்பரிடம் திருப்பிக் கொடுத்தேன். சரியான முடிவு என்று கோச் பிறகு சொன்னார். அப்பா கொச்சியில் கரையேறிய அன்று யாரோ ஒருவருடைய போனில் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“மக்கா, இதுக்கா இவ்வளவு பேப்பர்? பந்து வந்ததும் பின்னாலேயே குடுத்துட்டியே!”