வளவுக்குள்ளே இருக்கிற வீடுகள்

மதியம் இரண்டரைக்கு நான் லேப்டாப்பைத் திறக்கும்போது இங்கிலாந்தில் காலை ஒன்பது மணி. பாளையங்கோட்டை மகாராஜநகரில் எங்கள் வீட்டு மாடி அறைதான் ஆபீஸ். இங்கிலாந்தில் குறைந்த வாடகைக்கு வீடு கொடுக்கும் ஒரு அமைப்புக்கு டேட்டா அனலிஸ்டாக இருக்கிறேன். கேஸ், மின்சாரம், தீ, ஆஸ்பெஸ்டாஸ், குடிநீர், லிஃப்ட் என்று ஆறு விஷயத்துக்கும் ஒவ்வொரு வீட்டிலும் பரிசோதனை தேதி தவறாமல் நடக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. யாராவது கேட்டால் அம்மா, "கேஸ் கணக்கு பாக்கா" என்பாள்.

நம் ஊரில் சிலிண்டர் கசிந்தால் நாற்றமே காட்டிக்கொடுத்துவிடும். அங்கே இருக்கிற பயம் வேறு. குளிருக்கு வீட்டைச் சூடாக்குகிற பாய்லரில் கேஸ் சரியாக எரியாவிட்டால் கார்பன் மோனாக்சைடு வரும், அதற்கு வாசனையே கிடையாது, தூங்கப் போனவர்கள் எழுந்திருக்காமலே போய்விடலாம். அதனால்தான் வாடகைக்கு விடுகிறவர் 12 மாதத்துக்கு ஒரு தடவை பதிவுபெற்ற என்ஜினியரை வைத்துப் பார்த்தாக வேண்டும் என்று அந்த ஊர் 1998 கேஸ் பாதுகாப்பு விதிகளிலேயே இருக்கிறது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இரண்டு சம்பவங்களைத் தேடித் தேடிப் படித்தேன். 2017 ஜூன் 14 அன்று லண்டன் கிரென்ஃபெல் டவர் தீயில் 72 பேர் போனது ஒன்று. 2020 டிசம்பரில் இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில் வீட்டுச் சுவரில் படர்ந்த பூஞ்சையால் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை இறந்தது இன்னொன்று. இரண்டு இடத்திலும் குடியிருந்தவர்கள் முன்னாலேயே சொல்லியிருந்தார்கள். அந்தக் குழந்தையின் பேரில் வந்த சட்டம் 2025 அக்டோபர் 27 முதல் நடப்பில் இருக்கிறது, உயிருக்கு ஆபத்தான கோளாறு என்றால் 24 மணி நேரத்துக்குள் சரிசெய்ய வேண்டும்.

சரி, என் கதைக்கு வருகிறேன். கேஸ் ரிப்போர்ட்டில் மாதாமாதம் நூறு சதவீதம் என்று பச்சையாக வந்துகொண்டிருந்தது. தேதிக் குளறுபடிகளை எல்லாம் நான் பார்த்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அங்கே 09/03 என்றால் மார்ச் 9, எக்செல் அதை அமெரிக்க முறையில் வாசித்தால் செப்டம்பர் 3 ஆகிவிடும், காலாவதியான சான்றிதழ் இன்னும் ஆறு மாதம் செல்லுபடியாகிற மாதிரி காட்டும். அதை எல்லாம் பிடித்திருந்தேன். ஆனால் எத்தனை வீட்டில் நூறு சதவீதம் என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

அந்தக் கேள்வி எனக்கு வந்தது வெள்ளத்தில். 2023 டிசம்பர் 17, 18 மழையை இந்தப் பக்கம் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது, தாமிரபரணி திருநெல்வேலி ஜங்ஷனுக்குள்ளேயே வந்துவிட்டது. தண்ணீர் வடிந்ததும் ஆற்றோரத் தெருக்களில் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்கப் போனோம். கையில் கதவு எண் எழுதிய தாள், ஒரு எண்ணுக்கு நாலு பொட்டலம் என்று நான்தான் கணக்குப் போட்டிருந்தேன். ஒரு வாசலில் கொடுத்துவிட்டு டிக் போட்டு நகர்ந்தபோது திண்ணையில் இருந்த ஆச்சி கூப்பிட்டாள். "ஏட்டி, இது வளவுட்டி. உள்ள இன்னும் ஆறு வீடு கெடக்கு. நீ பாட்டுக்குப் போற?"

உள்ளே போனேன். நீளமான முடுக்கு, இரண்டு பக்கமும் வீடுகள், இடுப்பு உயரத்துக்குச் சேற்றுக்கோடு, கடைசி வீட்டு வாசலில் ஒரு அக்கா நனைந்த பாயைப் பிழிந்துகொண்டிருந்தார். என் தாளில் அந்த ஆறு வீடும் இல்லை. இல்லாத வீட்டுக்குப் பாக்கி என்று எதுவும் காட்டாது.

மறுபடி வேலைக்குப் போன அன்றே வாடகைப் பட்டியலையும் கேஸ் பட்டியலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். வாடகை வருகிற பதினொரு வீடுகள் கேஸ் பட்டியலில் இல்லவே இல்லை. ஏழில் கேஸ் இணைப்பே கிடையாது, எல்லாம் மின்சாரம். இரண்டுக்குச் சான்றிதழ் காகிதமாகக் கோப்பில் கிடந்தது. மீதி இரண்டும் ஒரே கட்டடத்தில், முன்பு காவலாளி தங்குகிற இடமாக இருந்து பிறகு பிரித்து வாடகைக்கு விட்டவை. வாடகைக் கணக்கில் ஏற்றியவர்கள் கேஸ் கணக்கில் ஏற்றவில்லை. நாலு வருஷமாக யாரும் பாய்லரைத் திறந்து பார்க்கவில்லை.

மேனேஜருக்குப் போன் போட்டேன். கொஞ்ச நேரம் அவர் பேசவே இல்லை. அப்புறம், இன்றைக்கே ஆள் போவார் என்றார். அன்று இரவு பத்தரைக்கு என்ஜினியரின் குறிப்பு வந்தது. ஒரு வீடு சரியாக இருந்தது. இன்னொன்றில் புகைக்குழாய் இணைப்பு விட்டிருந்ததால் கேஸை அடைத்துவிட்டு, தற்காலிகமாக மின்சார ஹீட்டர் கொடுத்திருந்தார். அந்த வீட்டில் குடியிருப்போர் எண்ணிக்கை என்ற கட்டத்தில் 3 என்று இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அம்மா கீழே இருந்து இரண்டு தரம் சாப்பிடக் கூப்பிட்ட பிறகுதான் எழுந்தேன்.

இப்போது ஒவ்வொரு திங்களும் சதவீதம் போடுவதற்கு முன்னால் வாடகைப் பட்டியலைத்தான் முதலில் திறக்கிறேன்.