கதவில் ஐஸ் வராமல் போன கதை

ஏப்ரல் கடைசி. வேளச்சேரியில் மொட்டைமாடிக்கு நேர் கீழே எங்கள் வீடு, அதனால் வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. விருந்தாளிகளுக்கு எலுமிச்சை ஜூஸ் கலக்கிவிட்டு, மனைவி தம்ளரை ஃபிரிட்ஜ் கதவில் வைத்து அழுத்தினாள். உள்ளே மோட்டார் உறுமியது. ஐஸ் ஒன்றுகூட விழவில்லை.

இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ். இடது பக்கம் முழுக்க ஃப்ரீசர். மேலே ஐஸ் செய்யும் பெட்டி, அதற்குக் கீழே ஐஸ் சேரும் டப்பா. டப்பாவுக்குள் ஒரு சுருள் கம்பி. அதைப் பின்னாலிருக்கும் மோட்டார் சுற்றினால் ஐஸ் முன்னால் தள்ளப்பட்டு, கதவிலுள்ள துவாரம் வழியாகத் தம்ளரில் விழும். இந்த ஏற்பாடெல்லாம் அன்றைக்கு எனக்குத் தெரியாது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மறுபடி அழுத்திப் பார்த்தேன். உறுமல்கூட இல்லை. சரி, மோட்டார் செத்துவிட்டது என்று முடிவு கட்டினேன்.

மறுநாள் வந்த மெக்கானிக்கும் அதையேதான் சொன்னார். "மோட்டார் போயிருக்கு சார், போர்டும் மாத்தணும். பன்னிரண்டாயிரம் ஆகும்." ஒரு திருகைக்கூட அவர் கழற்றவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பி வைத்தேன்.

அப்புறம்தான் கையேட்டைத் தேடி எடுத்தேன். கதவு திறந்திருந்தால் சுருள் கம்பி சுற்றவே சுற்றாதாம். யாராவது விரலை விட்டுவிடக்கூடாது என்று அப்படி ஒரு பாதுகாப்பு. கதவு மூடியிருப்பதை ஃப்ரீசருக்குச் சொல்ல, ஓரத்தில் சின்ன பொத்தான் ஸ்விட்ச் ஒன்று இருக்கிறது. டப்பாவை வெளியே எடுத்துவிட்டு அந்தப் பொத்தானை நான் விரலால் அமுக்கிக்கொண்டேன். மனைவி வெளியிலிருந்து, தம்ளரை வைத்து அழுத்தும் பட்டையை அழுத்தினாள். பின்னால் மோட்டார் முனை ஜம்மென்று சுற்றியது. பன்னிரண்டாயிரம் தப்பியது.

ஆக, சிக்கல் டப்பாவில். அதைப் பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கொண்டுபோய்க் கவிழ்த்தேன், எதுவும் விழவில்லை. ஐஸெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப் பாறையாகிக் கிடந்தது. கத்தியால் குத்தப் போனேன், மனைவி பிடுங்கிக்கொண்டாள். அவள் செய்ததுதான் சரி, பிளாஸ்டிக் டப்பா உடைந்திருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றினோம், பத்து நிமிடத்தில் கழன்று வந்தது. துணியால் ஈரம் போகத் துடைத்து மாட்டினோம். அடுத்த நாள் ஐஸ் கொட்டியது. எனக்கு ஒரே பெருமை.

நான்காம் நாள் மறுபடி உறுமல் மட்டும்.

இந்த முறை உடனே தண்ணீர் ஊற்றாமல் பாறையைக் கொஞ்சம் நேரம் பார்த்தேன். பின்பக்கம், ஐஸ் பெட்டிக்கு நேர் கீழே இருந்த கட்டிகள் உதிரியாகத்தான் இருந்தன. தண்ணீர் வால்வு கசிந்திருந்தால் அங்கேதான் முதலில் ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டிக் கிடந்தது முன்பக்கம், கதவை ஒட்டிய வாய்ப்பகுதி. அதன்மேல் மாவு தூவினாற்போல வெள்ளை உறைபனி. ஈரக்காற்று முன்னாலிருந்து வருகிறது என்று தோன்றியது, ஆனால் கதவு நன்றாகத்தானே மூடுகிறது?

விடை அம்மாவிடமிருந்து வந்தது. ஹாலில் படுப்பவள். "என்னடா அதையே நோண்டிட்டு இருக்க, இப்பதான் ராத்திரில அந்த டக்குனு சத்தம் வராம நிம்மதியாத் தூங்கறேன்" என்றாள்.

எந்தச் சத்தம்? யோசித்தபோது பிடிபட்டது. முன்பெல்லாம் ஐஸ் விழுந்து முடிந்து, தம்ளரை எடுத்துச் சில வினாடிகள் கழித்து உள்ளே 'டக்' என்று கேட்கும். ஐஸ் இறங்கும் வழியை அடைக்கும் சின்ன மூடி அது. கடைசிக் கட்டி விழும்வரை காத்திருந்து மூடிக்கொள்ளும். அது எப்போது நின்றதோ, நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

அன்றிரவு சமையலறை விளக்கை அணைத்துவிட்டு, டப்பாவை எடுத்துவிட்ட இடத்தில் கைபேசி டார்ச்சை எரியவிட்டு ஃப்ரீசரை மூடினேன். குனிந்து கதவின் ஐஸ் துவாரத்துக்குள் பார்த்தால் பிறை நிலா போல ஒரு வெளிச்சக் கீற்று. வெளிச்சம் வரும் வழியில் சென்னைக் காற்று போகாதா? மைனஸ் 18 டிகிரி ஐஸ் மேல் அந்த ஈரம் பட்டுப் பனியாகப் படிந்து, பசைபோல எல்லாவற்றையும் ஒட்ட வைத்துக்கொண்டிருந்தது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கதவில் ஐஸ் துவாரத்தைச் சுற்றியுள்ள முன்பலகையைக் கழற்றினேன். இதற்கு மட்டும் பொறுமை வேண்டும். உள்ளே மென்மையான ஒயர்கள் இருக்கின்றன, வேகமாக இழுத்தால் புது வேலை வந்து சேரும். மூடியின் ரப்பர் விளிம்பு ஒரு மூலையில் கிழிந்து, அங்கே பனி கட்டி, மூடியை மூட விடாமல் தடுத்துக்கொண்டிருந்தது. ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் வைத்து உருக்கி, துடைத்தேன். ஒரு வாரம் தாங்கியது. பிறகு கீழ்த்தட்டுப் பக்கச் சுவரில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைப் படம் பிடித்துக்கொண்டு உதிரிபாகக் கடைக்குப் போய்ப் புது மூடி வாங்கினேன். அறுநூற்றைம்பது ரூபாய்.

இதற்கிடையில் இன்னொன்றும் தெரிந்தது. எங்கள் வீட்டு ஐஸ் ஆரம்பத்திலிருந்தே பாதி அளவுதான் இருக்கும். ஒரு மீட்டர் உயரத்துத் தண்ணீர் தருவது சுமார் 1.4 பி.எஸ்.ஐ. அழுத்தம். மாடித் தொட்டி எங்கள் தலைக்கு மேல் மூன்று மீட்டர்கூட இல்லை. கையேடு கேட்பதோ குறைந்தது 20. ஐஸ் உறையும் அச்சில் தண்ணீர் நிரம்புவதற்குள் வால்வு மூடிவிடுகிறது. பூஸ்டர் பம்ப் வைக்க வேண்டும். வைக்கலாம், அவசரமில்லை.

புது மூடி போட்ட அன்று இரவு பதினொரு மணிக்குத் தம்ளரை வைத்து அழுத்தினேன். நாலைந்து குட்டிக் கட்டிகள் விழுந்தன. தம்ளரை எடுத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டக்.

ஹாலிலிருந்து அம்மாவின் குரல்: "மறுபடியும் ஆரம்பிச்சிடுச்சா?"