நான் பொய்யாக நிரப்பிய பாரம்

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் பிளாட்டில் மூன்று மாதமாக இதுதான் கதை. என் கணவர் வேலை முடிந்து வருவார், சட்டையைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்துவிடுவார். தூக்கமும் இல்லை, சாப்பாடும் இல்லை. மாமியாரிடம் கேஸ்ட்ரிக் என்று சொல்லி வைத்தேன். அதற்குப் பலன், தினமும் ஒரு டம்ளர் சீரகத் தண்ணீர்.

முதல் தடவை அரசாங்கக் கிளினிக்குப் போனதைக் கெடுத்தது நானேதான். 1 வெள்ளி (ரிங்கிட்) கட்டி, நம்பர் எடுத்து, காலை முழுக்கக் காத்திருந்தோம். மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க ஒரு பாரம் கொடுத்தார்கள். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி 9 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். அவருக்குப் பேனா பிடிக்கவே தெம்பில்லை, நான் நிரப்பினேன். பக்கத்து நாற்காலியில் தெரிந்த முகம் வேறு. எல்லாவற்றிலும் 0, 1 என்று போட்டேன். ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்று நினைத்ததுண்டா என்பது. அதற்கும் 0. தற்கொலை முயற்சி என்றாலே போலீஸ் கேஸ் என்று பயம். அந்தச் சட்டப் பிரிவை 2023-லேயே எடுத்துவிட்டார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. கூட்டிப் பார்த்தால் மொத்தம் 4. "வேலை அலுப்பு, ஓய்வெடுங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள்.

அன்றிரவு அவர் சுவரைப் பார்த்தபடியே சொன்னார்: "ஒன்பதாவதுக்கு நீ பொய் எழுதிட்ட."

மறுநாளே திரும்பப் போனோம். இந்தத் தடவை அவரே எழுதினார், 19. டாக்டர் என்னை வெளியே இருக்கச் சொன்னார். கோபமாகத்தான் இருந்தது, ஆனால் நான் பக்கத்தில் இருந்திருந்தால் அவர் வாயே திறந்திருக்க மாட்டார்.

மனநல நிபுணருக்குக் கடிதம் அங்கேயே கிடைத்தது. தனியார் கிளினிக் கடிதத்தோடு போனால் பெரிய ஆஸ்பத்திரியில் முதல் தடவை 30 வெள்ளி, அரசாங்கக் கடிதம் என்றால் அதைவிடக் குறைவு. கடிதத்தை இரண்டு காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். நான் எடுக்காமல் போய், கவுண்டரில் "சைக்கியாட்ரியா? கடிதம் எங்கே?" என்று ஹாலுக்கே கேட்கிற மாதிரி கத்தல் வாங்கினேன். கடிதம் காரில் கிடந்தது.

எம்.சி.யில், அதாவது மருத்துவ விடுப்புச் சான்றிதழில், பிரிவின் பெயரோடு சாப் (முத்திரை) விழும். அவர் அதை நாலாக மடித்துக் கொண்டுபோனார். சூப்பர்வைசர் பிரித்துப் பார்த்துவிட்டு ஃபைலில் போட்டாராம், அவ்வளவுதான்.

மாத்திரை முதல் வாரம் குமட்டலைத்தான் கொடுத்தது. வேலை செய்யவே சில வாரம் ஆகும், நாமாக நிறுத்தக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டோம். ஐந்தாவது வாரம் ஒரு காலை, மாமியார் வழக்கம்போல டம்ளரோடு வந்து, "கேஸ்ட்ரிக் மாத்திரை போட்டியாப்பா?" என்றார்.

"அது கேஸ்ட்ரிக் மாத்திரை இல்லம்மா, உட்காருங்க சொல்றேன்" என்றார் அவர். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.