அப்பாவின் மாருதிக்கு எட்டு சிடி

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அம்மாவுக்குக் கண் பரிசோதனை இருந்ததால் மூன்று பேருமாக ராஜபாளையத்திலிருந்து மதுரைக்குக் கிளம்பினோம். அப்பாதான் வண்டி ஓட்டினார். ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டியும் வண்டிக்குள் சத்தமே இல்லை. பாட்டில்லாமல் அப்பா வண்டி ஓட்டி நான் பார்த்ததே கிடையாது.

"என்னப்பா, பாட்டு போடலையா?"

"இருக்கிற சிடி எல்லாம் திக்குது பாப்பா."

"நான் எழுதித் தரட்டுமா?"

"உன் லேப்டாப்புல சிடி போடுற இடமே இல்லையே."

அது உண்மைதான். சென்னை திரும்பியதும் யுஎஸ்பியில் மாட்டுகிற டிவிடி ரைட்டர் ஒன்றும், 50 வெற்று சிடிகள் அடுக்கிய டப்பா ஒன்றும் வாங்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். நான்கு மாதம் ஆனது. அந்த நான்கு மாதத்தில் கற்றுக்கொண்டதை எழுதி வைக்கிறேன். பழைய ஸ்டீரியோ உள்ள வண்டியை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கும் அப்பாக்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

வண்டி மாருதி 800. ஸ்டீரியோ 2007இல் மாட்டியது. சிடியும் எம்பி3யும் படிக்கும். பென் டிரைவ் செருக இடம் கிடையாது, செல்போனிலிருந்து வயர் போடவும் வழியில்லை. புதுசு மாற்றிவிடலாம் என்று தம்பி இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டான். அப்பாவுக்கு வயது 74. சத்தம் கூட்டும் குமிழ், அடுத்த பாட்டுக்கான பொத்தான், ஃபோல்டர் மாற்றும் பொத்தான் எல்லாம் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே அவர் விரலுக்குத் தெரியும். தொடுதிரையைப் பார்த்துப் பார்த்துத் தடவிக்கொண்டு டி.கல்லுப்பட்டி கடைவீதிக்குள் அவர் ஓட்டுவதை நானும் விரும்பவில்லை. சிகரெட் லைட்டர் துளையில் மாட்டும் எஃப்.எம். கருவி ஒன்றும் வாங்கிப் பார்த்தோம். பத்து கிலோமீட்டருக்கு ஒருமுறை ஏதாவது ஒரு நிலையம் குறுக்கே வந்து இரைந்தது. ஆக, சிடிதான்.

பாட்டு எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் வேலையே இருந்தது. பரணில் ஒரு பெரிய பிஸ்கட் டின் நிறைய அப்பாவின் கேசட்டுகள், மொத்தம் 40, எல்லாம் 90 நிமிடம். எண்பதுகளில் எந்த ஊரிலும் ஒரு ரெக்கார்டிங் சென்டர் இருக்கும். வேண்டிய பாட்டுகளை வெள்ளைத்தாளில் வரிசையாக எழுதி வெற்றுக் கேசட்டோடு கொடுத்தால், இசைத்தட்டிலிருந்து பதிந்து வைப்பார்கள். அப்பா மில்லில் வேலை பார்த்த காலம் அது. சம்பளம் வாங்கிய மறுநாள் ஒரு கேசட் என்பது அவர் கணக்கு. அந்த லிஸ்டை மாதம் முழுக்க யோசித்து, அடித்துத் திருத்தி எழுதுவாராம். ஏ பக்கம் சாமி பாட்டில் தொடங்கும். அம்மாவுக்குப் பிடித்த பாட்டு எப்போதும் மூன்றாவது. சோகப் பாட்டு இரண்டு அடுத்தடுத்து வராது.

"எல்லாப் பாட்டும் நெட்ல கிடைக்குது. எதுக்குக்கா கேசட்ல இருந்து எடுக்கிறே?" என்று தம்பி கேட்டான். பாட்டு கிடைக்கும். அந்த வரிசை அந்த டின்னில் மட்டும்தான் இருக்கிறது. ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்தது என்ன என்று அப்பாவின் வாய் முன்கூட்டியே முணுமுணுக்கும். அதைச் சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான்.

டேப் ரெக்கார்டரின் ரப்பர் பெல்ட் இளகிப் பசையாகியிருந்தது. மாற்றினோம். நாடாவைப் படிக்கும் ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தோம். அப்படியும் முதல் கேசட் கம்பளிக்குள்ளிருந்து பாடுவதுபோலக் கேட்டது. ஹெட்டின் பக்கத்தில் ஒரு சின்னத் திருகு உண்டு. ஹெட் நாடாவுக்கு நேராக நிற்கிறதா என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. பாட்டு ஓடும்போதே சின்ன ஸ்குரூ டிரைவரால் அதைக் கால் சுற்று திருப்பினால், ஒரு இடத்தில் தாளத்தின் ஜல் ஜல் ஒலி பளிச்சென்று வெளியே வரும். அந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும். அப்புறம் ஹெட்ஃபோன் துளையிலிருந்து கணினிக்கு ஒரு வயர், கணினியில் ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருள். 90 நிமிடக் கேசட்டைப் பதிய 90 நிமிடம் ஆகும். குறுக்கு வழி கிடையாது. இரைச்சல் நீக்கும் வசதியை முதலில் தாராளமாகப் போட்டுவிட்டேன். இரைச்சல் போனது, கூடவே குரலும் தண்ணீருக்குள் போய்விட்டது. இரைச்சல் கொஞ்சம் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

எம்பி3 ஆக்கும்போது 192 கிலோபிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், மாறாத பிட்ரேட் (நொடிக்கு இத்தனை தகவல் என்ற அளவு) என்று வைத்துக்கொண்டேன். பிட்ரேட் ஏறி இறங்கும் வகையைச் சில பழைய ஸ்டீரியோக்கள் சரியாகப் படிப்பதில்லை. 192இல் ஒரு நிமிடப் பாட்டுக்குச் சுமார் 1.4 எம்பி. ஒரு சிடியின் கொள்ளளவு 700 எம்பி. அதாவது 90 நிமிடக் கேசட்டுகள் ஐந்து ஒரு சிடியில் தாராளமாக அடங்கும். 40 கேசட், எட்டு சிடி. அதே சிடியைச் சாதாரண ஆடியோ சிடியாக எழுதினால் 80 நிமிடம்தான், ஒரு கேசட்கூட முழுசாகக் கொள்ளாது.

சரி, எழுதலாம் என்று உட்கார்ந்தேன். முதல் சிடி லேப்டாப்பில் அருமையாகப் பாடியது. ஊருக்குக் கொண்டுபோய் வண்டியில் போட்டால், ஸ்டீரியோ பத்து நொடி முனகிவிட்டு எரர் என்று காட்டி வெளியே தள்ளியது. வெற்று சிடியைச் செருகியதும் விண்டோஸ் ஒரு கேள்வி கேட்கிறது: இதை யுஎஸ்பி டிரைவ் போலப் பயன்படுத்தப் போகிறீர்களா, சிடி பிளேயரில் போடப் போகிறீர்களா என்று. நான் முதலாவதைத் தேர்ந்தெடுத்திருந்தேன். அப்படிச் செய்தால் யுடிஎஃப் என்ற முறையில் எழுதிவிடும். 2007ஆம் வருட ஸ்டீரியோவுக்குத் தெரிந்ததெல்லாம் ஐஎஸ்ஓ 9660 என்ற பழைய முறையும் அதன் நீட்சியான ஜோலியட்டும்தான். இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். எல்லாப் பாட்டையும் ஒரே தடவையில் எழுதி, இனி எதுவும் சேர்க்க முடியாதபடி சிடியை மூடிவிடவும் வேண்டும். இன்று பாதி, நாளை மீதி என்று எழுதினால் முதலில் எழுதியதை மட்டும் படிக்கிற ஸ்டீரியோக்கள் உண்டு.

அடுத்து, அழித்து எழுதலாமே என்று சிடி-ஆர்டபிள்யூ வாங்கினேன். அதையும் வண்டி ஏற்கவில்லை. ஒருமுறை மட்டும் எழுதக்கூடிய சாதாரண சிடி-ஆர் லேசர் ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்பும். ஆர்டபிள்யூ அதில் மூன்றில் ஒரு பங்குகூட அனுப்பாது. பழைய ஸ்டீரியோவின் கண்ணுக்கு அது போதவில்லை. திரும்பவும் சிடி-ஆருக்கே வந்தேன்.

அது பாடியது! முதல் மூன்று ஃபோல்டர் வரை அப்பா தாளம் போட்டுக்கொண்டே வந்தார். கடைசி ஃபோல்டரில் பாட்டு தாவத் தொடங்கியது. சிடி உள்வட்டத்தில் தொடங்கி வெளி விளிம்பை நோக்கி எழுதப்படுவது. முழு வேகத்தில் எழுதினால் விளிம்புக்குப் போகும்போதுதான் வேகம் உச்சத்துக்குப் போகிறது, தவறுகளும் அங்கேதான் கூடுகின்றன. நான் 16 மடங்கு வேகத்துக்குக் குறைத்துக்கொண்டேன். ஒரு சிடிக்கு ஐந்து, ஆறு நிமிடம் ஆகிறது, அவ்வளவுதான். இதற்குப் பிறகு ஒரு பழக்கமும் வைத்துக்கொண்டேன்: சிடியை வண்டியில் போட்டதும் முதல் பாட்டைக் கேட்பதில்லை, கடைசி ஃபோல்டரின் கடைசிப் பாட்டைத்தான் கேட்கிறேன். அது சுத்தமாக ஓடினால் பெரும்பாலும் மற்றவையும் ஓடும்.

வரிசைதான் எனக்கு முக்கியம் என்றேன் இல்லையா, அதிலும் ஒரு சிக்கல். நான் ஆசை ஆசையாகப் பாட்டுகளின் முதல் வரியைத் தமிழில் கோப்புப் பெயராக வைத்திருந்தேன். ஸ்டீரியோ அதையெல்லாம் வெறும் கோடுகளாகக் காட்டியது, வரிசையும் குழம்பிவிட்டது. அதனால் ஒவ்வொரு கேசட்டும் ஒரு ஃபோல்டர் என்றாக்கி, கோப்புப் பெயரை ஆங்கில எழுத்துக்கு மாற்றி, ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு எண்ணைப் போட்டேன். 1, 2 என்று போடக் கூடாது; 01, 02 என்றுதான் போட வேண்டும். இல்லையென்றால் 1க்குப் பிறகு 10 வந்து நிற்கும். இப்போது ஃபோல்டர் பொத்தானை ஒருமுறை அமுக்கினால் அடுத்த கேசட். இதை அப்பாவுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. "அப்போ இது கேசட்ட மாத்துறது" என்று தானாகவே சொன்னார்.

நாடா நைந்துபோன பாட்டுகள் இருபதுக்கு மேல் இருந்தன. அவற்றை மட்டும் என்னிடமிருந்த அசல் சிடிகளிலிருந்து எடுத்துச் சேர்த்தேன். கேசட்டில் இருந்தவை மெல்லப் பாட, இவை திடீரென்று அலறின. எம்பி3கெயின் என்ற இலவச மென்பொருள் இதற்கென்றே இருக்கிறது. பாட்டை மறுபடி சுருக்காமல், சத்த அளவை மட்டும் 1.5 டெசிபல் படிகளாகக் கூட்டிக் குறைத்துச் சமப்படுத்துகிறது. அப்பாவின் கை அடிக்கடி குமிழுக்குப் போகாமல் இருப்பதற்கு அது ஒன்றே காரணம்.

இரண்டாம் சிடி ஒரே வாரத்தில் கெட்டுப்போனது. எடுத்துப் பார்த்தால், கேசட் அட்டையில் எழுதுவதுபோல அப்பா அதன் மேல்பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி 'கேசட் 6 - 10' என்று எழுதியிருந்தார். சிடியின் அடிப்பக்கம் பளபளப்பதால் அதைத்தான் பத்திரமாகப் பிடிக்கிறோம். ஆனால் பாட்டு பதிந்திருக்கும் படலம் மேல்பக்கத்துக்கு ஒட்டி இருக்கிறது; அதன் மேலே மெல்லிய பூச்சு மட்டும்தான். கீழே ஒரு மில்லிமீட்டருக்கும் மேல் தடிமனான பிளாஸ்டிக் காவல் இருக்கிறது. பேனா முனை மேலே கீறினால் பாட்டே கீறப்படும். மென்மையான முனையுள்ள சிடி மார்க்கர் இரண்டு வாங்கி வண்டியிலேயே போட்டேன். காகித ஸ்டிக்கர் ஒட்டுவது அதைவிட ஆபத்து. வெயிலில் பசை இளகி ஸ்டீரியோவுக்குள் சிக்கிக்கொள்ளும்.

வெயில் என்றதும் இன்னொன்று. சன்வைசரில் மாட்டும் சிடி பை பார்க்க வசதியாக இருக்கும். எங்கள் ஊர் சித்திரை வெயிலில் நிறுத்திய வண்டியில் அதைத் தொங்கவிட்டால், எழுதிய சிடி சீக்கிரம் போய்விடும். சிடி-ஆரில் பாட்டைத் தாங்குவது ஒரு சாயப் படலம். வெயிலும் சூடும் அதற்கு ஆகாது. டேஷ்போர்டு அறைக்குள், உறைக்குள் இருக்கட்டும். இரண்டாவது பிரதி வீட்டு பீரோவில் இருக்கிறது. மூலக் கோப்புகள் என்னிடம் இரண்டு இடத்தில்.

எட்டு சிடியும் முடித்து மே மாதம் ஊருக்குப் போனேன். மறுபடி மதுரைப் பயணம். கிருஷ்ணன்கோவில் பக்கம் 11ஆம் கேசட் ஓடிக்கொண்டிருந்தது. அதன் ஏ பக்கக் கடைசிப் பாட்டு இரண்டாம் சரணத்தின் நடுவில் நாடா தீர்ந்து அறுபட்டுவிடும். நான் அசல் சிடியிலிருந்து முழுப் பாட்டையும் எடுத்துச் சேர்த்திருந்தேன். அப்பா மகிழ்ந்துபோவார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அறுபடும் இடம் வந்ததும் அவர் இடது கை கியரிலிருந்து எழுந்து ஸ்டீரியோ பக்கம் போனது. பாட்டு நிற்காமல் தொடர்ந்தது. கை திரும்பி வந்துவிட்டது. கொஞ்ச தூரம் போனபிறகு சொன்னார்.

"இது நின்னுரும் பாப்பா. அப்போதான் உங்கம்மா அடுப்படியில இருந்து வந்து கேசட்டைத் திருப்பிப் போடுவா."

பின்சீட்டில் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பாட்டு முடியும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சென்னைக்கு வந்ததும் மூன்றாம் சிடியை மறுபடி எழுதினேன். அந்தப் பாட்டு கேசட்டில் இருந்தபடியே இரண்டாம் சரணத்தில் நிற்கிறது. அதற்குப் பின்னால் பத்து நொடி வெறுமையாக விட்டிருக்கிறேன், அடுப்படியிலிருந்து வந்து திருப்பிப் போட ஆகும் நேரம்.