அவன் சொன்ன "ஆயி"

என் மகனுக்கு ஒன்றரை வயதானபோது அவன் வாயிலிருந்து வந்தவை இரண்டே ஒலிகள். பசித்தால் "ம்மா". மற்ற நேரத்தில், பெரும்பாலும் சன்னல் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு, "ஆயி". எங்கள் வீட்டில் பாட்டியை ஆயா என்றுதான் அழைப்போம். "என்னத்தான் கூப்பிடறான்" என்று அத்தை, அதாவது என் மாமியார், ஓடி வந்து அவனைத் தூக்கிக்கொள்வார்.

நாங்கள் இருப்பது மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், செம்பனை (பாமாயில் மரம்) தோட்டத்தை ஒட்டிய ஒரு தாமானில், அதாவது குடியிருப்பில். அத்தை பல வருடம் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தவர். அவர் பிள்ளைகள் வளர்ந்தது, வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயக்கொட்டகையில். "அங்க அத்தனை பிள்ளைங்க, எது எப்ப பேசுச்சுன்னு யாரு கணக்கு வச்சா? எல்லாம் பேசுச்சுங்க" என்பார். என்னால் அப்படி இருக்க முடியவில்லை. என் அக்கா மகள் 11 மாதத்தில் "அப்பா" என்றாள், ஒன்றரை வயதில் பாட்டுப் பாடினாள். ஒரு தனியார் கிளினிக்கில் கேட்டேன். டாக்டர் பிள்ளையைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "ஆண் பிள்ளைதானே, மூன்று வயதுவரை பொறுங்கள்" என்று அனுப்பிவிட்டார். அந்தப் பதிலை நம்பி வீட்டில் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

18 மாத ஊசிக்கு அரசாங்கக் கிளினிக்குக்குப் போனபோதுதான் விஷயம் நகர்ந்தது. ஊசிக்கு முன் மிஸ்ஸி (நர்ஸ்) ஒரு தாளைக் கொடுத்து நிரப்பச் சொன்னார். எம்-சாட் என்பது அதன் பெயர். ஆட்டிசத்துக்கான அறிகுறி இருக்கிறதா என்று முதற்கட்டமாகப் பார்க்கும் கேள்விகள். விரல் நீட்டிக் காட்டுகிறானா, கண்ணைப் பார்க்கிறானா, பெயர் சொன்னால் திரும்புகிறானா என்று ஒவ்வொன்றாகக் குறிக்கும்போது கை நடுங்கியது. பெரும்பாலானவற்றுக்கு 'ஆம்' என்றே போட முடிந்தது. பெயர் சொன்னால் திரும்புவதில்தான் சந்தேகம். மிஸ்ஸி அவனுக்குப் பின்னால் போய் மெதுவாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். திரும்பவில்லை. கை தட்டினார், திரும்பினான். "பேசறது அப்புறம். முதல்ல காதைப் பார்க்கணும்" என்றார். அங்கிருந்த டாக்டர், ஈப்போ நகரத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

தேதி கிடைக்க ஆறு வாரம். அதற்குள் ஆளுக்கொரு யோசனை. நாக்கில் வசம்பு உரைத்துத் தடவச் சொன்னார்கள், தேன் தடவச் சொன்னார்கள். வசம்பு உடம்புக்குள் போகக் கூடாது என்று மிஸ்ஸி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தேனும், ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குத் தரவே கூடாது. போட்டுலிசம் என்ற கடும் நச்சு நோய் வரலாம். அத்தை கல்லுமலை முருகனுக்கு நேர்ந்துகொண்டார். அதை மட்டும் நானும் சேர்ந்து செய்தேன்.

ஆஸ்பத்திரியில் அவனை என் மடியில் உட்கார வைத்தார்கள். ஒரு பக்க ஒலிபெருக்கியில் சத்தம் வரும். அந்தப் பக்கம் திரும்பினால் பெட்டிக்குள் ஒரு பொம்மை விளக்கெரிய ஆடும். பெரிய சத்தத்துக்கெல்லாம் திரும்பிச் சிரித்தான். சின்னச் சத்தத்துக்கு அசையவே இல்லை. பிறகு காதில் மெல்லிய ரப்பர் முனையை வைத்து இன்னொரு சோதனை. திரையில் மலைபோல ஏறி இறங்க வேண்டிய கோடு தட்டையாக வந்தது. செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருக்கிறது என்றார்கள். அடிக்கடி சளி பிடிக்கும் சின்னப் பிள்ளைகளுக்கு இது சகஜமாம். வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது. அதனால் வீட்டில் யாருக்கும் தெரியாது. உலகம் அவனுக்குத் தண்ணீருக்கடியில் கேட்பதுபோல் கேட்டிருக்கிறது. பெரும்பாலும் மூன்று மாதத்தில் தானாக வற்றிவிடும், பிறகு பார்க்கலாம் என்று சொல்லி, ஸ்பீச் தெரபிஸ்டிடம் அனுப்பினார்கள்.

அவர் முதலில் சொன்னது, ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள் என்பது. அவன் எழுப்பும் ஒலி, மணி, அப்போது அவன் எதைப் பார்த்தான், இந்த மூன்றையும் எழுத வேண்டும். எந்த மொழியானாலும் கணக்கில் சேரும். ஒரே ஒலியை ஒரே பொருளுக்கு அவனாகத் திரும்பத் திரும்பச் சொன்னால், உச்சரிப்பு எப்படி இருந்தாலும் அது ஒரு சொல். உறவினர் பேச்சைக் கேட்டு ஆங்கிலத்துக்கு மாறலாமா என்று கேட்டேன். வேண்டாம், உங்களுக்கு நன்றாக வரும் மொழியில் நிறையப் பேசுங்கள், இரண்டு மூன்று மொழி கேட்டு வளர்வதால் பேச்சு கெடாது என்றார்.

எழுத ஆரம்பித்தேன். பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்காவிடம் பாலுக்கு "சுசு" என்று கேட்கிறான். எனக்குத் தெரியவே தெரியாது! நான்காம் நாள் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தால், "ஆயி" எல்லாம் காலை பத்து மணியை ஒட்டியும் மாலை நான்கை ஒட்டியும்தான். இரண்டும் செம்பனைக் குலை ஏற்றிய லாரி எங்கள் தெருமுனையைத் தாண்டும் நேரம். வீடு அதிரும் அந்தச் சத்தம் அவனுக்கு நன்றாகக் கேட்டிருக்கிறது. தெரபிஸ்ட் சிரித்தார். உதடு சேரும் ம, ப எளிது, நாக்கு புரளும் ல, ர பிந்தித்தான் வரும், அதனால் லாரி "ஆயி" ஆகியிருக்கிறது என்றார். என் பிள்ளை பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறான். காரில் அழுதுகொண்டே வந்தேன். அத்தையிடம் சொல்லவில்லை.

வீட்டில் மாற்றியது கொஞ்சம்தான். முகத்துக்கு நேரே உட்கார்ந்து பேசினோம். "சொல்லு, சொல்லு" என்று வற்புறுத்துவதை விட்டோம். "பாலா, தண்ணியா?" என்று கேட்டுவிட்டு மனதுக்குள் பத்துவரை எண்ணிக் காத்திருந்தோம். அந்தக் காத்திருப்புதான் மிகவும் கஷ்டம், அதுதான் அதிகம் பலித்தது. சோறு ஊட்டும்போது கைப்பேசி காட்டுவதை நிறுத்தினோம். ஒரு வாரம் அழுகை, அப்புறம் சரி.

மூன்று மாதம் கழித்துப் போனபோது திரையில் கோடு மலையாக எழுந்தது. இரண்டு வயதில் நோட்டில் 38 சொற்கள். அதற்கடுத்த மாதம் "ஆயி போச்சு" என்று இரண்டைச் சேர்த்தான்.

போன வாரம் அத்தை கால் வலியென்று உள்ளே படுத்திருந்தார். லாரி எதுவும் வராத நேரம். அவன் கதவோரம் நின்று, நாக்கைத் திருத்தித் திருத்தி, "ஆயா வா" என்றான். அத்தை எழுந்து வந்தார்.